சிங்கப்பூரிலிருந்து கேமரன் மலைக்குத் தனியாகச் சைக்கிளில்: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. 163 மீட்டர் சொச்சம். மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, போகும் பாதையைப் பொறுத்து 600 முதல் 700 கிலோமீட்டர் சாலை. சமதரையிலேயே ஓட்டிப் பழகிய கால்களோடு, துணைக்கு ஆள் இல்லாமல், சுமையேற்றிய சைக்கிளில் அங்கே போய்ச் சேர முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். பந்தய வீரராக இருக்க வேண்டியதே இல்லை. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் வார இறுதியில் 40, 50 கிலோமீட்டர் அலுக்காமல் ஓட்டுகிறவர் மூன்று மாதத்தில் தயாராகிவிடலாம்.

தனிப் பயணத்தின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாலு பேராகப் போனால், ஒருவர் தள்ளாடும்போது இன்னொருவர் "போதும், இங்கேயே தங்கிடலாம்" என்று சொல்லிவிடுவார். தனியாகப் போகிறவருக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. வெயிலும் பசியும் சேர்ந்து அடிக்கும் மாலை நாலு மணிக்கு நாம் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. எங்கே தங்குவது, எந்த நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, எந்த நிலை வந்தால் திரும்பிவிடுவது என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து, வயிறு நிறைந்து, மனம் தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். அந்தத் தாளில் என்னென்ன எழுதுவது என்பதுதான் இந்த வழிகாட்டியின் முக்கியமான பங்கு.

படி 1: மலையும் மாதமும்

முதல் மலைப் பயணத்துக்கு நான் கேமரனைத்தான் சொல்வேன். கெந்திங் மலை கோலாலம்பூருக்குப் பக்கம் என்று ஆசை வரும். ஆனால் அதன் மேல்பாதிச் சாலை செங்குத்தானது, வண்டிகளும் அதிகம். சுமையோடு முதன்முறை ஏறுகிறவருக்கு அது வேண்டாம். கேமரனுக்கு, அடிவாரத்தில் உள்ள தாப்பாவிலிருந்து போகும் பழைய சாலை வெள்ளைக்காரர் காலத்தில் போட்டது. வளைந்து வளைந்து, மெதுவாக உயரும். சுமார் 60 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏற்றம். சராசரிச் சரிவு இரண்டரை சதவீதத்தைக்கூடத் தாண்டாது. அங்கங்கே ஐந்து, ஆறு சதவீதம் வரும். நீளம்தான் சோதிக்கும், செங்குத்து அல்ல.

உயரத்தால் தலைவலி, மூச்சுத் திணறல் வருமோ என்ற பயமும் வேண்டாம். மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். கேமரன் பகுதியின் குனோங் பிரிஞ்சாங் உச்சியே 2,000 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பாதை நெடுகிலும் தமிழ் பேசும் ஊர்கள். சிரம்பான், ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா என்று எங்கே சங்கிலி அறுந்து நின்றாலும், நாலு கடை தள்ளி "என்ன தம்பி ஆச்சு?" என்று கேட்க ஒருவர் இருப்பார். தனியாகப் போகிறவருக்கு இது பெரிய பலம்.

மாதத்தைப் பொறுத்தவரை, கேமரனில் ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை அதிகம். ஜனவரி பின்பாதியும் பிப்ரவரியும், அப்புறம் ஜூன், ஜூலையும் பரவாயில்லை. எந்த மாதமானாலும் பிற்பகல் மழை வரலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், மலேசியப் பள்ளி விடுமுறை ஆகிய நாட்களில் மலைச்சாலையில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வாரங்களை நாட்காட்டியில் முதலிலேயே அடித்துவிடுங்கள்.

படி 2: சைக்கிள், முக்கியமாகப் பல்சக்கரம்

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. இரும்புச் சட்டமோ அலுமினியச் சட்டமோ, பின்னால் கேரியர் பொருத்தத் துளைகள் இருக்க வேண்டும்; 32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போட இடம் இருக்க வேண்டும். மடக்கு சைக்கிளில் போகிறவர்களும் உண்டு. சின்னச் சக்கரத்தோடு நீண்ட இறக்கத்தில் வருவதற்குக் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கியர் விஷயத்தில் சமரசமே கூடாது. சிங்கப்பூரில் கடைகளில் நிற்கும் சாலைச் சைக்கிள்கள் பல, சமதரை வேகத்துக்கு ஏற்ற கியரோடு வருபவை. உங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். பிறகு பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தை எண்ணுங்கள். முன்னது பின்னதைவிடக் குறைவாகவோ, அதிகம் போனால் சமமாகவோ இருக்க வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னால் 34, பின்னால் 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர். முன்னால் 50, பின்னால் 28 என்ற கியரில் அதே 60 சுற்றுக்குக் கிட்டத்தட்ட பதின்மூன்றரைக் கிலோமீட்டர் வேகம் வேண்டும். சுமையோடு ஆறு சதவீதச் சரிவில் அந்த வேகம் நம்மைப் போன்றவர்களுக்கு வராது. அப்போது மெதுவாக, அழுத்தி அழுத்தி மிதிப்போம். அந்த அழுத்தமெல்லாம் முழங்காலில் இறங்கும். மலைப் பயணத்தைப் பாதியில் விடுகிறவர்களில் பலர் மூச்சு வாங்கி விடுவதில்லை, முழங்கால் வலித்து விடுகிறார்கள். பின் பல்சக்கரத் தொகுதியை மாற்றும் செலவு, இந்தப் பயணத்துக்கு நீங்கள் செய்யும் செலவுகளிலேயே மிக உபயோகமானது. மாற்றும்போது சங்கிலியின் நீளமும் கியர் மாற்றியின் கொள்ளளவும் புதிய தொகுதிக்குப் பொருந்துகின்றனவா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக் அடுத்தது. டிஸ்க் பிரேக்கோ ரிம் பிரேக்கோ, கட்டைகள் புதியவையாக இருக்கட்டும். இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். மழையில் மலை இறங்கும்போது கட்டைகள் தேயும் வேகம் சிங்கப்பூரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

படி 3: குன்றில்லாத ஊரில் மலைக்குப் பழகுவது

நம்மூரில் ஏற்றமே இல்லையே என்று சோர வேண்டாம். மவுண்ட் ஃபேபர், கென்ட் ரிட்ஜ் பக்கம் சவுத் புவனா விஸ்டா, புக்கிட் தீமாவை ஒட்டிய ரைஃபிள் ரேஞ்ச் சாலை என்று சின்னச் சின்ன ஏற்றங்கள் இருக்கின்றன. ஒரு ஏற்றத்துக்கு 70 மீட்டர் உயரம் கிடைக்கிறது என்று வைத்தால், இருபது முறை ஏறி இறங்கினால் கேமரனின் உயரக் கணக்கு வந்துவிடும்.

வந்துவிடும்தான், ஆனால் அதில் ஒரு ஏமாற்றமும் இருக்கிறது. ஃபேபரில் ஐந்து நிமிடம் ஏறினால் அடுத்த இரண்டு நிமிடம் இறக்கம், கால் ஆறிவிடும். தாப்பா சாலையில் மணிக்கணக்காக அந்த இரண்டு நிமிடம் கிடைக்காது. உங்கள் உடம்புக்குப் பழக வேண்டியது உயரம் அல்ல, ஓய்வில்லாமல் ஒரே சீராக மிதித்துக்கொண்டே இருப்பது. அதற்கு நம்மிடம் காற்று இருக்கிறது. சாங்கி கடலோரச் சாலையிலோ லிம் சூ காங் பக்கத்திலோ எதிர்காற்று அடிக்கும் நாளில், கால் சுழற்றுவதை நிறுத்தாமல் ஒரு மணி நேரம், பிறகு ஒன்றரை, பிறகு இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். சரிவில் மிதிப்பதற்கு இதைவிட நெருக்கமான பயிற்சி இந்தத் தீவில் கிடைக்காது. வீட்டில் நிலைப்பயிற்சிக் கருவி வைத்திருப்பவர்கள் முன்சக்கரத்தைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யலாம். இடுப்புக்கும் முதுகுக்கும் ஏற்றத்தின் அமர்வு பழகும்.

வாரத் திட்டம் எளிது. வேலை நாட்களில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம். சனிக்கிழமை நீண்ட ஓட்டம்: முதல் மாதம் 60, இரண்டாம் மாதம் 90, மூன்றாம் மாதம் 120 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமைக் களைப்போடு, பைகளை மாட்டிக்கொண்டு ஃபேபரில் பத்து முறை. ஞாயிறுதான் முக்கியம். பயணம் என்பது களைத்த கால்களோடு மறுநாளும் கிளம்புவது. ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓட்டத் தெரிந்தவரைவிட, தொடர்ந்து நாலு நாள் 70 கிலோமீட்டர் ஓட்டத் தெரிந்தவர் கேமரனில் நன்றாக இருப்பார்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கழற்றி, டியூபை மாற்றி, மறுபடியும் மாட்டுங்கள். கைபேசி காணொளியைப் பார்க்காமல் செய்ய வர வேண்டும். சங்கிலியை அறுத்து இணைப்புக் கண்ணியால் சேர்ப்பதையும் ஒருமுறை செய்துவிடுங்கள். பின்சக்கரம் கையை அழுக்காக்கும் வேலை என்று பலர் முன்சக்கரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுமை முழுக்கப் பின்னால் இருப்பதால் பஞ்சர் ஆவதும் பெரும்பாலும் பின்சக்கரம்தான்.

படி 4: சுமை

உங்கள் உடல், சைக்கிள், பைகள் எல்லாம் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 கிலோ குறைத்தால் ஏற்றத்தின் உழைப்பு 5 சதவீதம் குறைகிறது. ஆறு மணி நேர ஏற்றத்தில் கிட்டத்தட்ட 18 நிமிடம். கிராம் கணக்கில் பைத்தியம் பிடிக்க வேண்டாம், ஆனால் கிலோ கணக்கில் கறாராக இருங்கள். பைகளோடு சேர்த்து 8 கிலோ போதும். இந்தப் பாதையில் ஊருக்கு ஊர் விடுதி இருக்கிறது. கூடாரமும் அடுப்பும் வேண்டாம்.

ஓட்ட இரண்டு ஜோடி, மாலைக்கு ஒரு ஜோடி உடை. இரவில் துவைத்து மின்விசிறியில் காயப்போடலாம். மெல்லிய மழைச்சட்டை ஒன்று. அதுவே இறக்கத்தில் குளிர்ச்சட்டையும் ஆகும். தானா ராத்தாவில் இரவு வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும். தாப்பாவில் வியர்த்து வழிந்தவர் அன்று மாலையே மேலே நடுங்குவார், ஆகவே நீளக் கைவைத்த ஒரு பனியனும் வேண்டும்.

கருவிகளில்: டியூப் இரண்டு, ஒட்டுத்துண்டுகள், டயர் நெம்பி, சிறிய பம்பு, பல்நோக்குத் திருகி, சங்கிலி இணைப்புக் கண்ணி இரண்டு, பிரேக் கட்டை, கியர் கம்பி ஒன்று, உங்கள் சட்டத்துக்கே உரிய கியர் மாற்றித் தாங்கி (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு) ஒன்று. கடைசியில் சொன்னதை யாரும் நினைப்பதில்லை. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் வளைவது அதுதான். மாடலுக்கு மாடல் மாறுவதால் சிறு ஊர்க் கடையில் கிடைக்காது. நாலு பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளும் ஒட்டுநாடாவும் எதற்காவது உதவும்.

பாஸ்போர்ட்டும் பணத்தில் பாதியும் பையில் அல்ல, உடம்பில். நீர் புகாத உறையில் போட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணம் வேறிடத்தில். சிறு ஊர்க் கடைகளில் ரிங்கிட் நோட்டுதான் செல்லும்.

படி 5: எல்லை

சைக்கிளில் ஜோகூர் போக இயல்பான வழி உட்லண்ட்ஸ். மோட்டார் சைக்கிள் தடத்தையே பின்பற்றி, அவர்களோடு வரிசையில் நின்று போக வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் கூட்டமெல்லாம் ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்குள் வரும்; எதிர்த்திசையில் தடம் ஓரளவு காலியாக இருக்கும். வெள்ளி மாலையும் சனி காலையும் வேண்டவே வேண்டாம். கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இரைச்சலும் புகையும் சூழ்ந்த அந்த ஒரு கிலோமீட்டரில் ஒரே கோட்டில், பதறாமல் ஓட்டுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் அல்லாதவர்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பிவிட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே வேலை செய்பவர்கள், விசா விதி மாறக்கூடியது என்பதால் கிளம்பும் வாரத்தில் குடிநுழைவுத் துறையின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். பயணக் காப்புறுதி வாங்கும்போது சைக்கிள் பயணம் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: பாதை

வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கைபேசி வரைபடத்தைக் கார் முறையில் விட்டால் அது உங்களை நேரே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். விரைவுச்சாலை, கட்டணச்சாலை இரண்டையும் தவிர்க்கும்படி அமைத்து, வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பரிந்துரைக்கும் பாதை கடலோரமாகத் தொடங்கி, சிரம்பானில் மலைப்பக்கம் திரும்பும். தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டியே போவதால் சின்ன ஏற்றத்தில் பழகிப் பெரிய ஏற்றத்துக்கு வருவீர்கள். திங்கட்கிழமை கிளம்புவதாக வைத்துச் சொல்கிறேன். தூரங்கள் எல்லாம் சுமார்தான்.

திங்கள், உட்லண்ட்ஸிலிருந்து ஸ்கூடாய், பெக்கான் நனாஸ் வழியாகப் பொந்தியான், 75 கிலோமீட்டர். ஜோகூர் பாருவை விட்டு வெளியேறும்வரை போக்குவரத்து கடுமை; பிறகு செம்பனையும் அன்னாசியும். (நேரம் இருந்தால் பொந்தியானிலிருந்து தஞ்சோங் பியாய் போய் வரலாம். ஆசியப் பெருநிலத்தின் தென்முனை அது.) செவ்வாய், ஐந்தாம் எண் சாலையிலேயே பத்து பகாட் தாண்டி மூவார், 120 கிலோமீட்டர், முழுக்கச் சமதரை. புதன், மூவாரிலிருந்து மலாக்கா, 45 மட்டும். வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறேன். மூன்றாம் நாளில்தான் உடம்பு முரண்டு பிடிக்கும். வியாழன், ரெம்பாவ் வழியாகச் சிரம்பான், 85.

வெள்ளியிலிருந்து கதை மாறுகிறது. சிரம்பானிலிருந்து கோலக் கிளாவாங் போகும் சாலையில் புக்கிட் தங்கா என்ற ஏற்றம். அன்றைய மொத்தத் தூரம் 40 கிலோமீட்டர்தான். இது உங்கள் பரீட்சை நாள். கடைசி கியர் சத்தமில்லாமல் விழுகிறதா, பைகள் குதிகாலில் இடிக்கின்றனவா, முழங்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். குறை இருந்தால் இங்கே சரிசெய்ய அரை நாள் கையில் இருக்கிறது, சிரம்பானும் பக்கத்தில்தான். சனி, தித்தி ஊர் வழியாகக் கெந்திங் பெராஸ் ஏறி உலு லங்காட்டில் இறங்க வேண்டும், 60 கிலோமீட்டர். நெகிரி செம்பிலானும் சிலாங்கூரும் சந்திக்கும் எல்லை அந்த உச்சி. கோலாலம்பூர் சைக்கிள்காரர்கள் விரும்பி ஏறும் இடம் என்பதால் வார இறுதியில் முதன்முறையாகச் சக ஓட்டிகளைப் பார்ப்பீர்கள். தித்திக்கு மேல் கடை கிடையாது. தண்ணீரை அங்கேயே நிரப்புங்கள்.

ஞாயிறு விடியற்காலை, தலைநகர் தூங்கிக்கொண்டிருக்கும்போது அதன் ஓரத்தைக் கடந்துவிடுங்கள். இதற்காகத்தான் திங்களில் கிளம்பச் சொன்னேன். அம்பாங் வழியாக வந்து பத்துமலையில் பசியாறலாம். 42.7 மீட்டர் முருகன் சிலையடியில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு தோசை சாப்பிடும் சுகம் தனி. பிறகு ரவாங், பத்தாங் காலி, கோலக் குபு பாரு. திங்கள், முதலாம் எண் சாலையில் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்கை, பீடோர் தாண்டித் தாப்பா, 95 கிலோமீட்டர். தாப்பாவில் சீக்கிரம் சாப்பிட்டு ஒன்பது மணிக்குள் படுத்துவிடுங்கள்.

இவ்வளவு நாள் விடுப்பு கிடைக்காதவர்கள் சிரம்பான்வரை பேருந்தில் போய் அங்கிருந்து தொடங்கலாம். தாப்பாவரை பேருந்தில் போய் நேராக மலையில் கை வைப்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். முந்தைய இரண்டு ஏற்றங்கள் சொல்லித் தருவதை வேறு எதுவும் சொல்லித் தராது.

படி 7: விதித்தாள்

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஹேண்டில்பார் பையில், கண்ணில் படும்படி வையுங்கள். நான் எழுதச் சொல்வது இவை.

மாலை 5 மணிக்கு மேல் புதிய சாலையில் இறங்குவதில்லை, இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. அடுத்த ஊர் 20 கிலோமீட்டர்தானே என்ற எண்ணம் வந்தால், இந்த ஊரிலேயே அறை தேடுவது. தலைசுற்றல், வியர்வை நின்று போவது, நெஞ்சில் இறுக்கம், இவற்றில் எது வந்தாலும் நிழலில் நிறுத்தி உதவி கேட்பது. அன்று மீண்டும் ஏறுவதில்லை. ஒரே முழங்கால் இரண்டு நாள் தொடர்ந்து வலித்தால் பேருந்து. மலை நாளில், வழியில் உள்ள லாத்தா இஸ்கந்தர் அருவியைக் காலை 10 மணிக்குள்ளும் அதற்கு மேலே உள்ள ரிங்லெட் ஊரை ஒரு மணிக்குள்ளும் அடையாவிட்டால் ரிங்லெட்டில் தங்குவது. இடி கேட்டால் ஓட்டுவதில்லை.

இவற்றை எழுதிய பிறகு வீட்டில் ஒருவருக்கு ஒரு படி அனுப்பிவிடுங்கள். என் மனைவியிடம் அது இருப்பதால், மாலை ஐந்தரைக்கு "இன்னும் ஓட்டுறீங்களா?" என்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது; என்னிடமும் சாக்கு இருக்காது. காலை கிளம்பும்போது, மதியம், அறைக்கு வந்த பிறகு என்று மூன்று வாட்ஸ்அப் செய்திகள். தாப்பா மலைச்சாலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் கலங்கிவிடுவார்கள். எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். மலேசியாவில் அவசர எண் 999.

தனியாகப் போகும் பெண்கள் ஊர் மையத்தில், வரவேற்பு மேசையில் ஆள் இருக்கும் விடுதியை முன்பதிவு செய்வது நல்லது. வழியில் யார் கேட்டாலும் "நண்பர்கள் பின்னால் வருகிறார்கள்" என்று சொல்லலாம். அன்றிரவு தங்குமிடத்தை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இது ஆண்களுக்கும் பொருந்தும்.

தோட்டப்புறச் சாலைகளில் நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, அதட்டிக்கொண்டே நடங்கள். பெரும்பாலும் அதன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும்.

படி 8: மலை நாள்

காலை ஐந்தரைக்கு எழுந்து நன்றாகச் சாப்பிடுங்கள். ஆறரைக்கு விளக்குகளை எரியவிட்டுக் கிளம்புங்கள். இங்கெல்லாம் ஏழு மணியைத் தாண்டித்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். வெயில் ஏறுவதற்குள் கிடைக்கும் இரண்டு மணி நேரம் பொன்னானது.

முதல் அரை மணி நேரத்தில் வேகமாகப் போகத் தோன்றும். கட்டுப்படுத்துங்கள். ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம், வேகமானியைப் பார்க்க வேண்டாம். சரிவு கூடும் முன்பே கியரைக் குறையுங்கள். அழுத்தம் ஏறிய பிறகு மாற்றினால் சங்கிலி முனகும், சில நேரம் அறும். முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போடுங்கள், பசித்தாலும் பசிக்காவிட்டாலும். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். அதில் ஒரு புட்டி உப்புச்சத்துள்ள பானமாக இருக்கட்டும்.

சாலை குறுகலானது. ஒரு பக்கம் பாறைச்சுவரும் வாய்க்காலும், மறுபக்கம் மூங்கிலும் பெரணியும் மண்டிய பள்ளம். வாய்க்காலை ஒட்டி ஒட்டி ஓட்டாதீர்கள். ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளி ஓட்டினால்தான் பின்னால் வரும் கார் உங்களை ஒரு வண்டியாக மதித்து, இடம் பார்த்து முந்தும். காய்கறி லோரிகள் வளைவுக்கு முன் ஹாரன் அடிக்கும். கேட்டதும் தடுமாறாமல் நேர்க்கோட்டிலேயே இருங்கள். வேண்டுமென்றால் அகலமான இடத்தில் நிறுத்தி வழிவிடுங்கள். காதில் பாட்டு வேண்டாம், இரண்டு காதும் தேவை.

லாத்தா இஸ்கந்தர் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. இங்கே சட்டையை நனைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காரலாம். அதற்கும் மேலே, ஒராங் அஸ்லி என்ற பழங்குடி மக்கள் சாலையோரம் சின்னக் கொட்டகை போட்டுப் பெத்தாய்க் காய், தேன், காட்டுப் பழங்கள் விற்பார்கள். ஏறும்போது காற்று மாறுவதைத் தோலில் உணரலாம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது புத்தகக் கணக்கு. நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணில் இறங்கி எரித்த வியர்வை ஏதோ ஒரு வளைவுக்குப் பிறகு இறங்காமல் நின்றுவிட்டது தெரியும்.

ரிங்லெட் வந்ததும் மலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். இன்னும் 13 கிலோமீட்டர் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக்கு இதுதான் இடம். சாப்பாட்டுக் கடையில் ஒரு அக்கா என் பைகளைப் பார்த்துவிட்டு, "தனியாவா வந்தீங்க தம்பி? சிங்கப்பூர்லேர்ந்தா?" என்று கேட்டு, நான் கேட்காமலே தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "மேல ரெண்டு மணிக்கு மழ வந்துரும், பேசாம சாப்ட்டுட்டுக் கெளம்புங்க" என்றார். அவர் சொன்ன நேரத்துக்கே மழை வந்தது. உள்ளூர்க்காரர்களிடம் வானிலை கேளுங்கள். கைபேசி சொல்வதைவிட அது நம்பகமானது.

ரிங்லெட்டைத் தாண்டியதும் சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரி. பிறகு மீண்டும் ஏற்றம், இம்முறை தேயிலையின் நடுவே. தானா ராத்தாவுக்குச் சற்று முன்னால் பாரத் தேயிலைத் தோட்டத்தின் பள்ளத்தாக்கு முழுதும் கண்ணுக்குள் வரும் இடத்தில் தேநீர்க் கடை இருக்கிறது. அங்கே கண்டிப்பாக நிறுத்துங்கள். 1929இல் 'போ' (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சரிவுகளைக் காடு வெட்டி, செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்கள். அவர்கள் நடந்து ஏறிய மலையை நாமும் நம் உடம்பாலேயே ஏறி வந்து பார்க்கும்போது, காரில் வந்து படம் எடுத்துக்கொண்டு போன நாளில் தோன்றாத ஒரு மரியாதை தோன்றுகிறது.

மறுநாள் கால் அனுமதித்தால், பைகளை அறையில் விட்டுவிட்டு குனோங் பிரிஞ்சாங் சாலையில் ஏறலாம். குறுகல், செங்குத்து, தூரம் குறைவு. சாலை திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

படி 9: இறக்கம்

விபத்து நடப்பது ஏறும்போது அல்ல, இறங்கும்போது. காலை எட்டு, ஒன்பது மணிக்கு, சாலை காய்ந்த பிறகு இறங்குங்கள். முந்தைய மாலையே பிரேக் கட்டையின் தடிமனையும் டயரில் வெட்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். முன், பின் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ரிம் பிரேக்கில் விடாமல் தேய்த்தால் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம். டிஸ்க்கில் பிடிமானம் குறையும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டைச் சோதிக்கத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள், விரலை வைக்காதீர்கள். வளைவுகளில் ஈரமான இலைகளும் லோரியிலிருந்து கொட்டிய மண்ணும் கிடக்கும். அவற்றின்மேல் பிரேக் வேண்டாம்.

வேறு வழியில் இறங்க விரும்புகிறவர்களுக்குக் கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலை இருக்கிறது. அகலமானது, காட்சி திறந்தது. ஆனால் வேகமும் லோரியும் அதிகம். ஈப்போ போக வேண்டியிருந்தால் ஒழிய, வந்த வழியிலேயே இறங்குவதை நான் விரும்புவேன்.

படி 10: திரும்புதல்

தானா ராத்தாவிலிருந்தும் தாப்பா, ஈப்போவிலிருந்தும் தெற்கே பேருந்துகள் உண்டு. பயணச்சீட்டு வாங்கும்போதே சைக்கிள் ஏற்றலாமா என்று கேளுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, பெடல்களை எடுத்து, ஹேண்டில்பாரைத் திருப்பி, சங்கிலிப் பக்கம் மேலே இருக்கும்படி பழைய போர்வையிலோ அட்டையிலோ சுற்றிவிட்டால் ஓட்டுநர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. இடது பெடல் எதிர்த்திசையில் கழலும் என்பதை மறக்க வேண்டாம்.

நேராகச் சிங்கப்பூர் வரும் பேருந்தை எடுத்தால் இரண்டு சோதனைச்சாவடிகளிலும் கட்டிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டியிருக்கும். அதைவிட ஜோகூர் பாருவில் லார்க்கின் நிலையத்தில் இறங்கி, சக்கரத்தை மாட்டி, கடற்பாலத்தைச் சைக்கிளிலேயே கடப்பது சுலபம். வேலை நாள் விடியற்காலை கூட்டத்தையும் ஞாயிறு மாலை கூட்டத்தையும் தவிர்த்து, பிற்பகல் வாக்கில் வந்து சேரும்படி பேருந்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் சங்கிலியின் நீட்சியை அளந்து பாருங்கள். பிரேக் கட்டை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.